கருந்திரை நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய சர்வரை எழுப்பினேன். அதற்குள் மென்பொருளாலான சில மெய்நிகர் கணினிகளை ஓட்ட வேண்டும். அதற்கு மானிட்டரும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. எல்லாம் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைவழி இணைப்பு வழியாகத்தான். மெய்நிகர் கணினிகளுக்குச் செயலியின் நேரடி உதவியைப் பெற்றுத்தரும் கேவிஎம் 2007 முதலே லினக்ஸின் மையமான கர்னலுக்குள் இருக்கிறது. அதன் மேல், கணினியின் வன்பொருளைப் போலச் செய்து காட்டும் க்யூஎமு, இரண்டையும் மேய்க்க லிப்விர்ட், மேய்ப்பவன் கைக்கோலாக விர்ஷ் என்ற கட்டளை. நிறுவியாயிற்று, ஆனால் சாதனக் கோப்புகள் இருக்கும் டெவ் அடைவில் கேவிஎம் கோப்பைக் காணவில்லை. கர்னல் பதிவுகளைப் புரட்டினால், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் அதை முடக்கி வைத்திருப்பதாக ஒரு வரி. கேவிஎம் இல்லாமலும் க்யூஎமு ஓடும், செயலியின் வேலை முழுவதையும் மென்பொருளாலேயே செய்து காட்டும்; நத்தையே தேவலாம். கடைசியில் மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டித்தான் பயாஸில் விடி-எக்ஸ் என்ற செயலி வசதியை இயக்கினேன்.

மார்ச் 4, செவ்வாய்

மெய்நிகர் கணினியை உருவாக்கும் விர்ட்-இன்ஸ்டால் கட்டளைக்கு நீளமான ஒரு வரி: பெயர், 2048 எம்பி நினைவகம், 2 செயலிகள், 20 ஜிபி டிஸ்க், வரைகலை வேண்டாம். என்டரைத் தட்டியதும் கன்சோல் என்ற எழுத்துத்திரை இணைந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டது. பத்து நிமிடம் கருந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நிறுவல் நிரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் யாரும் பார்க்காத கற்பனைத் திரையில். கன்சோல் காது கொடுத்திருக்கும் சீரியல் போர்ட்டில் பேசு என்று கர்னலிடம் நான் சொல்லவில்லை. 'கன்சோல்=டிடிஒய்எஸ்0' என்ற சொல்லைக் கூடுதல் அளவுருவாகக் கொடுக்க வேண்டும். அதற்கும் ஒரு நிபந்தனை: நிறுவல் வட்டின் நகலான ஐஎஸ்ஓ கோப்பை சிடிராமாகக் கொடுத்தால் அந்த அளவுருவை ஏற்காது, லொக்கேஷனாகக் கொடுத்தால்தான் ஏற்கும். இரண்டாம் முயற்சியில் எழுத்துகள் கொட்டின.

கன்சோலிலிருந்து வெளியேற கன்ட்ரோலும் வலது சதுர அடைப்பும். இது தெரியாமல் முனையத்தையே மூடிவிட்டு ஓடியவர்களில் நானும் ஒருவன்.

மார்ச் 5, புதன்

காலையில் விர்ஷ் லிஸ்ட் அடித்தால் பட்டியல் காலி. நெஞ்சு ஒரு நொடி நின்றது. நேற்று ரூட் என்ற நிர்வாகிப் பயனராக உருவாக்கியதை இன்று சாதாரணப் பயனராகத் தேடியிருக்கிறேன். ரூட் அல்லாதவருக்கு விர்ஷ் காட்டுவது 'செஷன்' என்ற தனி அறை. என் கணினி இருப்பதோ 'சிஸ்டம்' என்ற பொது அறையில். இணைப்பு முகவரியைச் சூழல் மாறியில் எழுதி வைத்தேன். அணைந்து கிடக்கும் கணினிகளையும் பார்க்க 'ஆல்' சேர்க்க வேண்டும் என்பது தனிக்கதை.

மார்ச் 8, சனி

கியூகவ்2 என்ற மெய்நிகர் டிஸ்க் வடிவத்தில் 20 ஜிபி டிஸ்க் உருவாக்கினால், கோப்பின் அளவு ஏறத்தாழ 200 கேபிதான். எழுத எழுதத்தான் வளரும். இதைவிட அருமை, ஒரு தாய் டிஸ்க்கின் மேல் பல சேய் டிஸ்க்குகளை அடுக்கும் வசதி. மாறிய பகுதிகள் மட்டும் 64 கேபி துண்டுகளாகச் சேயில் விழும். மற்றதெல்லாம் தாயிடமிருந்தே படிக்கப்படும். மூன்று கணினிகள் இரண்டே நிமிடத்தில் தயார்.

மூன்றும் ஒரே ஐபி முகவரியைக் கேட்டு அடித்துக்கொண்டன. பிணைய அட்டைகளின் மேக் முகவரிகள் வேறு வேறுதான்; ஆனால் தாயிலிருந்த மெஷின்-ஐடி என்ற அடையாளக் கோப்பு அப்படியே மூன்றுக்கும் போயிருந்தது. ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியிடம் கேட்கும்போது அதிலிருந்து பெற்ற அடையாளத்தைத்தான் காட்டுகின்றன. அந்தக் கோப்பைக் காலியாக்கி மறுதொடக்கம் செய்ததும் சண்டை தீர்ந்தது.

மார்ச் 12, புதன்

லிப்விர்ட்டுக்குப் பெயர் வைத்தவர்மேல் எனக்குக் கோபம். 'டெஸ்ட்ராய்' என்றால் எதுவும் அழியாது. மின்கம்பியைப் பிடுங்குவது மட்டுமே. மிதமாக ஒலிக்கும் 'அன்டிஃபைன்' கணினியின் வரையறையையே நீக்கிவிடும். கூடவே சேமிப்பையும் நீக்கச் சொன்னால் டிஸ்க்கும் போய்விடும். 'ஷட்டவுன்' வெறும் வேண்டுகோள்: உள்ளே இருப்பவர் கேட்டால் அணையும், கேட்காவிட்டால் இல்லை. இன்று ஒன்று கேட்கவே இல்லை, டெஸ்ட்ராய் செய்தேன். அந்தச் சொல்லை அடிக்கும்போது விரல் தயங்கத்தான் செய்தது.

மார்ச் 15, சனி

தாய் டிஸ்க்கில் பழைய தொகுப்புகள் இருக்கின்றனவே, புதுப்பித்துவிடலாம் என்று தோன்றியது. மூன்று சேய்களையும் அணைத்துவிட்டுத் தாயையே ஒரு கணினியாக ஓட்டி, புதுப்பித்து, திருப்தியாக அணைத்தேன். பிறகு சேய்களை எழுப்பினால் ஒன்று கோப்பு முறைமைப் பிழையோடு நின்றது. இன்னொன்று எழுந்தது, ஆனால் பாதி நிரல்கள் குப்பையாக இருந்தன.

யோசித்தால் நியாயமே. சேயிடம் இருந்தது, எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் பழைய அட்டவணையின் சில துண்டுகள். அந்த அட்டவணை சுட்டிய இடங்களில் தாய் இப்போது வேறெதையோ எழுதி வைத்திருக்கிறது. புத்தகத்தின் பொருளடக்கம் ஒரு பதிப்பு, பக்கங்கள் வேறு பதிப்பு. சேய்கள் ஓடிக்கொண்டிருந்திருந்தால் க்யூஎமுவின் பூட்டு என்னைத் தடுத்திருக்கும். அக்கறையோடு அணைத்தேன் பாருங்கள், அதுதான் வினை.

மார்ச் 16, ஞாயிறு

மூன்றையும் புதிதாக அடுக்கினேன். தாயின் கோப்பு அனுமதியை 444, அதாவது படிக்க மட்டும், ஆக்கிவிட்டு, வேண்டுமென்றே அதை ஓட்டிப் பார்த்தேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று பிழை வந்தது. இந்த இரண்டு வாரத்தில் நான் மகிழ்ச்சியோடு வாசித்த ஒரே பிழைச்செய்தி.