ஊராட்சித் தலைவியைப் பார்த்து வளர்ந்த சிறுமிகள்

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. அதை நாம் பெரும்பாலும் நிர்வாகச் சீர்திருத்தமாகவே பேசுகிறோம். குழந்தைகளின் மனத்தில் அது செய்த வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் 495 கிராமங்களில் 11 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பேசி, 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. எந்த ஊரில் பெண் தலைவர் என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவானதால், முற்போக்கான ஊர் என்பதால்தான் அங்கே மாற்றம் வந்தது என்று தட்டிக்கழிக்க வழியில்லை. இரண்டு தேர்தல் சுற்றுகளில் பெண் தலைவரைக் கண்ட ஊர்களில், எதிர்காலம் குறித்த விருப்பங்களில் சிறுவருக்கும் சிறுமியருக்கும் இருந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்திருந்தது. படிப்பில் இருந்த இடைவெளியோ மறைந்தேவிட்டது. சிறுமிகள் வீட்டு வேலையில் செலவிட்ட நேரமும் குறைந்திருந்தது.

இத்தனைக்கும் அவ்வூர்களில் இளம்பெண்களுக்கான வேலைவாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை. அவர்கள் கண்முன் ஒரு பெண் ஊரை நிர்வகித்தாள், அவ்வளவுதான். மனைவியின் நாற்காலியில் கணவர் அமர்ந்து கையெழுத்துக்கு மட்டும் அவரை அழைக்கும் ஊர்கள் இன்றும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பீர்பூமில் பலன் தெரிந்தது இரண்டாம் சுற்றுக்குப் பிறகுதான் என்பதால், ஒரே தேர்தலோடு இட ஒதுக்கீட்டை எடைபோடுவது அவசரத் தீர்ப்பு என்றே கருதுகிறேன்.