நான்கு மெகாபைட் இருந்தும் நினைவகம் போதவில்லை

கணினி அறையில் டொஸ் என்ற பழைய இயங்குதளத்தின் கறுப்புத் திரையில் ‘வின்’ என்று தட்டி விண்டோஸ் 3.1-ஐ எழுப்பிய வகுப்புக்காரர்களுக்கு ஒரு செய்தி மறந்திருக்காது: போதிய நினைவகம் இல்லை. 386 செயலியும் நான்கு மெகாபைட் நினைவகமும் உள்ள கணினியும் அதைத்தான் சொல்லும். பலரும் மெமொறிச் சில்லைக் குறைகூறினார்கள். குற்றம் சில்லில் இல்லை.

ஜன்னல், மெனு, பொத்தான் பற்றிய விவரங்களை விண்டோஸின் யூசர் என்ற பகுதியும், வரையும் பேனா, தூரிகை முதலியவற்றை ஜிடிஐ என்ற பகுதியும் தத்தம் சிறு கிடங்குகளில் வைத்திருந்தன. கிடங்குக்குள் இடத்தைச் சுட்டும் 16 பிட் முகவரியால் 65,536 பைட்டுக்கு மேல் எட்ட முடியாது. ஆகவே ஒரு கிடங்கின் உச்சம் 64 கிலோபைட். பதினாறு மெகாபைட் பூட்டினாலும் அது வளராது. விண்டோஸின் முகப்பு ஜன்னலான புரோகிராம் மனேஜரின் ஹெல்ப் மெனுவில் கடைசி வரியைத் திறந்தால் ‘சிஸ்டம் ரிசோர்சஸ்’ எத்தனை சதவீதம் மீதி என்று காட்டும். கிடங்குகளில் மிகவும் வற்றியது எதுவோ அதன் கணக்கு அது. 30-ஐ நெருங்கினால் வேலையைச் சேமித்துவிட்டு டொஸுக்கு இறங்கி மறுபடி ‘வின்’ தட்டுவதுதான் வழி. புரோகிராமை மூடினால் மட்டும் போதாது. அது திருப்பிக் கொடுக்காமல் போன தூரிகைகளை விண்டோஸ் தானாக மீட்பதில்லை.

இத்தனைக்கும் ஜன்னலும் மவுஸும் அப்போது புதிதல்ல. செரொக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுகூடத்தில் 1973-இலேயே ஆல்ட்டோ என்ற கணினி ஓடியது. 1981-இல் செரொக்ஸின் ஸ்டார், 1983-இல் அப்பிளின் லிசா, 1984 ஜனவரியில் மக்கின்டொஷ். 1985 நவம்பரில் வந்த விண்டோஸ் 1.0-இல் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாது. ஓடு பதித்தாற்போல் பக்கம் பக்கமாகத்தான் நிற்கும். மக்கின்டொஷைப் பார்த்தவர்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

மணற்கடிகாரம் தோன்றி எல்லாமே உறைவதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் 3.1-இல் புரோகிராம்கள் ஓடும் முறையைத் தாமாக அடுத்ததற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்; ஒன்று விடாவிட்டால் மற்றவை காத்துக் கிடக்கும். கொன்ட்ரோல், ஆல்ட், டெல் அழுத்தினால் நீலத்திரை வந்து, உறைந்ததை மட்டும் மூடலாமா என்று கேட்கும். மறுமுறை அழுத்தினால் கணினியே மீளத் தொடங்கும். சேமிக்காத கட்டுரை போயிற்று.

ஹார்ட் டிஸ்கில், நினைவகத்தில் அடங்காததை வைக்கும் சுவப் கோப்பை நிரந்தரமாக வைத்தால் வேகம் கூடும். ஆனால் அதற்குத் துண்டுபடாத இடம் வேண்டும். முதலில் விண்டோஸை விட்டு வெளியேறி, டொஸில் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீபிராக் ஓட்டி, பிறகுதான் கொன்ட்ரோல் பனலில் 386 என்ஹான்ஸ்ட் ஐகனுக்குப் போக வேண்டும். டபிள்ஸ்பேஸ் என்ற புரோகிராமால் சுருக்கிய டிரைவில் இது அமையாது.

3.1-இன் பெரிய கொடை, என் கணக்கில், ட்ரூடைப் என்ற எழுத்துரு முறை. ஒரே எழுத்துரு திரையிலும் தாளிலும் ஒரே வடிவில் வந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய பாமினி வகை எழுத்துருக்களும் இந்த வழியில் வந்தவையே. கோப்புக்குள் இருப்பது என்னவோ ஆங்கிலக் குறியீடுதான். எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ கூட அரைப்புள்ளி கலந்த ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பழைய சிறப்பு மலர்களின் கோப்புகளை வைத்திருப்பவர்கள் அவற்றோடு அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வைக்கவும்.