லோரெட்டா வால்ஷ் என்கிற கடற்படை குமாஸ்தா

முதல் உலகப் போர் நெருங்கியபோது அமெரிக்கக் கடற்படைக்கு ஆள் பஞ்சம். பீரங்கி சுட இல்லைங்க, டைப் அடிக்க! கப்பல்கள் கூடக் கூட சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு, கடிதம் எல்லாம் குவிந்துகொண்டே போனது. 1916-ம் ஆண்டுச் சட்டத்தில் ரிசர்வ் படைக்குத் தகுதியுள்ள ‘நபர்கள்’ என்றுதான் இருந்தது. ஆண்கள் என்று இல்லை. கடற்படைச் செயலர் ஜோசபஸ் டேனியல்ஸ் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

1917 மார்ச்சில் பிலடெல்பியாவில் லோரெட்டா வால்ஷ் சேர்ந்தார். வயது 20. எடுத்த எடுப்பிலேயே சீஃப் யோமன், நம்மூர்க் கணக்கில் ஹெட் கிளார்க். அவர் பின்னால் 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். ஒரே பதவியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1920-ல்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த கூத்து இது. யோமன் என்றால் ஏதாவதொரு கப்பலின் பட்டியலில் பேர் இருந்தாக வேண்டும். பெண்களையோ கடலுக்கு அனுப்பக் கூடாது. என்ன செய்தார்கள்? போடோமாக் ஆற்றுச் சேற்றில் மூழ்கிக் கிடந்த இழுவைப் படகுகளின் பேரில் இவர்களை எழுதிவிட்டார்கள்! ஃபைல் சுத்தம், அம்மணி ஆபீஸ் நாற்காலியில். சர்க்கார் ஆபீஸ் எந்த நாட்டிலும் சர்க்கார் ஆபீஸ்தான்.

1918-ல் ஃப்ளூ, பிறகு காசநோய். 1925 ஆகஸ்டில் வால்ஷ் இறந்தபோது வயது 29. அதே ஆண்டுதான் சட்டத்தை மாற்றி ‘ஆண் குடிமக்கள்’ என்று எழுதினார்கள். 1942-ல் திரும்பவும் பெண்கள் தேவைப்பட்டபோது, சேர்ப்பதற்குப் புதுச் சட்டமே போட வேண்டியதாயிற்று.