உதடு விட்டுப்போகாமல் நாயனம் வாசிக்க

நாயனத்துக்கு மூச்சுதான் பெரிய பாடு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு மூச்சு சீக்கிரமே வசப்பட்டது. விட்டுப்போனது உதடு. ஒரு வர்ணம் முடிவதற்குள் வாயின் இரண்டு ஓரத்திலும் காற்று கசியும், மேல் ஷட்ஜம் சுருதி இறங்கும், கன்னம் நடுங்கும். நாகஸ்வரத்தில் ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் பாதி உதட்டில்தான் இருக்கிறது. உதடு ஓய்ந்தால் தோடியின் காந்தாரத்தை அசைக்க விரல் மட்டும் போதாது, ராகமே வெளிறிப்போகும்.

நாயனத்தின் முனையில் செருகி ஊதும் நாணல் துண்டான சீவாளியை உதடுதான் பிடிக்க வேண்டும், பல் படக்கூடாது. வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசையும் கன்னத்துத் தசையும் வாசிக்கிற நேரம் முழுக்க இறுகியே இருக்கின்றன. இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும். நடுவில் தளர்த்த இடம் கிடைக்காவிட்டால் சட்டென்று களைத்துவிடும். உடனே நமக்குத் தெரியாமலே தாடை உதவிக்கு வருகிறது. பல் உதட்டின் உட்புறத்தை அழுத்த, சீவாளியின் வாய் மூடிக்கொண்டு நாதம் நசுங்குகிறது. மறுநாள் உதடு தடித்துக் கிடக்கும்.

திருப்பாதிரிப்புலியூரில் என் வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது அவர் என் வாயைப் பார்க்கவில்லை. "சீவாளியைக் கொடு தம்பி" என்று வாங்கி, ஊதிப் பார்த்தார். கொறுக்கைத் தட்டை இன்னும் பதப்படாமல் விறைப்பாக இருந்தது, வாயும் அகலம். அப்படிப்பட்டதை அதிர வைக்கவே உதடு இரண்டு மடங்கு உழைக்க வேண்டியிருக்கும் என்றார். நன்றாக ஊறவைத்து, விரலால் மெல்ல அழுத்தி வாயை ஒடுக்கினார். அதைத் தினம் கொஞ்ச நேரம் ஊதிப் பழக்கும்படி ஒதுக்கிவிட்டு, சாதகத்துக்கு இளகிய சீவாளி ஒன்றைத் தந்தார். நாயனத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளையும் ஊசியையும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. வித்வானின் உதட்டைக் காப்பாற்றுவதே அந்தக் கொத்துதான்.

அடுத்தது சாதகம். காலையில் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் நீளமாகப் பிடிக்கச் சொன்னார். ஓரத்தில் காற்று கசியத் தொடங்கும் முன்பே நாயனத்தை மடியில் வைத்துவிட வேண்டும். வாசித்த நேரத்துக்குச் சமமாக ஓய்வு, பிறகு மறுபடி. கசிந்த பிறகும் விடாமல் வாசித்தால் கடித்துப் பிடிக்கிற பழக்கம்தான் படியும் என்பது அவர் கண்டிப்பு. கண்ணாடி முன் உட்கார்ந்து, வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளும்போது உதடு எவ்வளவு தளர்ந்து நிற்க முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைத் தேற்றியது முக்கியமாக இந்தப் பயிற்சிதான். காற்று செய்ய வேண்டிய வேலையை உதட்டிடமிருந்து வாங்கி மறுபடி காற்றிடமே கொடுத்தது. மேல் ஸ்தாயிக்குப் போக அவர் அனுமதிக்கப் பல மாதமாயிற்று. வெந்நீர், தேங்காய் எண்ணெய் எல்லாம் தோல் வெடிக்காமல் இருக்க உதவும், தசைக்கு அல்ல. ஓய்வு கொடுத்தும் வலி தீராவிட்டாலோ, உதடு மரத்துப்போனாலோ, ஒரு பக்கம் மட்டும் பலம் குறைந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உண்மையான சோதனை மாசி மகம். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காகச் சுற்றுவட்டாரத்துச் சுவாமிகள் வந்து கூடும் நாள் அது. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியில் தொடங்கினால் வழி நெடுக வாசிப்புதான். கடலை நெருங்க நெருங்க உப்புக் காற்று உதட்டையும் சீவாளியையும் ஒருசேர உலர்த்திவிடும். அன்று கூட வாசித்த அண்ணன், "நான் பிடிச்சதும் நீ விட்டுடு, கூடவே ஊதாதே" என்றார். அவர் ஆலாபனையை நீட்டும்போது நான் உதட்டைத் தளர்த்தி எச்சிலால் சீவாளியை நனைத்துக்கொண்டேன். தவில்காரர்கள் தனி வாசிக்கும்போது இருவருக்குமே ஓய்வு. நம் மேளக்கட்டு இரட்டை நாயனமாகவும் இரட்டைத் தவிலாகவும் அமைந்திருப்பதில் கம்பீரத்தோடு உடம்பைப் பற்றிய அறிவும் இருக்கிறது என்பது என் திடமான எண்ணம்.

தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போதும் ஓரம் கசியவில்லை. மேல் பஞ்சமம் மட்டும் கடைசியில் கொஞ்சம் மெலிந்தது. வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் தேர். அதற்குள் அந்த விறைத்த சீவாளியும் பதத்துக்கு வந்துவிடும், மேல் ஸ்தாயிக்கு அதைத்தான் போடுவதாக இருக்கிறேன்.