எந்த உயரத்தில், எத்தனை டிகிரியில்?

ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். பர்லியாறு தாண்டி ஏறுகிற பழைய லாரி கரும்புகை கக்குவதிலும் உயரத்துக்குப் பங்கு உண்டு. ஏற்றம் பாதிக் காரணம், காற்று இளைத்துப்போனது மீதிக் காரணம். டீசல் அதே அளவு உள்ளே போகிறது, அதை எரிக்கப் போதுமான காற்று இல்லை.

இது புரிந்தவருக்கு ராணுவத் தளவாடச் செய்திகளில் பாதி தானாகவே புரிந்துவிடும். இத்தனை டன் தூக்கும், இத்தனை குதிரைத்திறன், இத்தனை கிலோமீட்டர் பாயும் என்று வரும் எண்கள் பெரும்பாலும் கடல்மட்டத்தில், 15 டிகிரியில் எடுத்தவை. நம் ராணுவம் குளிர்காலத்தில் நிற்கும் இடம் அதுவல்ல.

கணக்கு எளிது. கடல்மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 2 டிகிரி குறையுங்கள். அந்த உயரத்துக்கு அதுதான் ‘இருக்கவேண்டிய’ வெப்பநிலை. உண்மையில் அதைவிட எத்தனை டிகிரி கூடுதலோ, ஒவ்வொன்றுக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி சுமார் 7,350 அடி. அங்கே இருக்கவேண்டியது ஏறக்குறைய 0 டிகிரி. வெயிலடிக்கும் மதியம் 20 டிகிரி என்றால் 2,400 அடி கூடி 9,750 ஆகிறது. மனிதருக்கு ஊட்டி, இன்ஜினுக்கும் இறக்கைக்கும் கிட்டத்தட்ட பத்தாயிரம் அடி. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான்.

இதையே லேவுக்குப் போடுங்கள். விமானதளம் 10,680 அடி. கோடை மதியம் 20 டிகிரியில் கணக்கு 13,850 அடிக்குப் போகிறது. அடர்த்தி 65 சதவீதம். குளிர்காலத்தில் மைனஸ் 10 டிகிரியில் 73 சதவீதம். இடம் ஒன்று, விமானம் ஒன்று, ஆனால் தூக்கக்கூடிய சுமை வேறு. லேவுக்குப் போகும் பயணிகள் விமானங்கள் காலையிலேயே வந்து திரும்பிவிடுவதற்கு மதியக் காற்றோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஹெலிகாப்டரை இது இரண்டு பக்கத்திலிருந்தும் அடிக்கும். இன்ஜினுக்குக் காற்று குறைவு. தலைமேல் சுற்றும் சுழலி பிடித்துத் தள்ளவும் காற்று குறைவு. அதைச் சரிக்கட்ட இலையின் கோணத்தைக் கூட்டினால் இன்ஜினிடம் இன்னும் அதிகம் கேட்க வேண்டும். உடல் சுற்றிவிடாமல் பிடித்து நிறுத்தும் வால் சுழலிக்கும் இதே கதி. உயரத்தில் நிறைச் சுமையோடு மிதக்கும்போது பெடலை முழுக்க மிதித்தும் மூக்கு திரும்புவது நிற்கவில்லை என்றால், மெயின் இன்ஜினில் திறன் மிச்சம் இருந்தும் பயனில்லை.

விளம்பர ஏட்டில் ‘சேவை உச்சவரம்பு 6,000 மீட்டர்’ என்று இருப்பதை வைத்து ஏமாறக்கூடாது. அது முன்னோக்கிப் பறக்கும்போது எட்டும் உயரம். கேட்க வேண்டியது மிதக்கும் உயரம், அதிலும் தரையின் உதவி இல்லாமல் மிதக்கும் உயரம். சமதளத்தில் சில அடி மேலே நிற்கும்போது, கீழே தள்ளிய காற்றுக்குத் தரை முட்டுக் கொடுக்கும். குறைந்த திறனே போதும். மலை விளிம்பில் ஒரு பக்கம் பள்ளம் என்றால் அந்த முட்டு இல்லை. வெலிங்டன் ஜிம்கானா மைதானத்தில் இறங்குவதும், டால்பின் மூக்குப் பாறை போன்ற ஒரு விளிம்பின் மேல் நின்று ஆளை இறக்குவதும் வேறு வேறு வேலை. சியாச்சின் முனைகளுக்குப் போகும் சீட்டா ஹெலிகாப்டர் ஒரு தடவைக்கு ஓரிரு மண்ணெண்ணெய் கேன் அளவுக்குத்தான் கொண்டுபோகிறது என்று கேட்டுச் சிரிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த இனத்தின் மூலமான பிரெஞ்சு லாமா 1972-இல் 12,442 மீட்டர் வரை ஏறிச் சாதனை படைத்தது. அதையும் சுமையில்லாமல், தேவையற்ற பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்தார்கள்.

தாக்குதல் ஹெலிகாப்டர்களில் அமெரிக்க அபாச்சியா, நம் பிரசண்டா என்ற சண்டை எனக்கு அலுத்துப்போய்விட்டது. அபாச்சியின் உச்ச எடை பத்து டன்னுக்கு மேல், பிரசண்டுக்கு 5.8 டன். ரேடார், கவசம், ஏவுகணை எண்ணிக்கை என்று எதை எடுத்தாலும் அபாச்சி முன்னே. ஆனால் 5,000 மீட்டரில் இறங்கி ஏற வேண்டும் என்ற ஒரே தேவைக்காகப் பிறந்தது பிரசண்ட். 2015-இலேயே சியாச்சினில் இறங்கிக் காட்டிவிட்டது. தரைப்படை தன் ஆறு அபாச்சிகளை ஜோத்பூரில் வைத்ததும், 2025 மார்ச்சில் 156 பிரசண்டுகளுக்கு 62,700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. குறை சொல்ல வேண்டுமென்றால் வேகத்தைச் சொல்லலாம். பிரசண்ட் விநியோகம் மூன்றாவது ஆண்டில்தான் தொடங்கும், அதன்பின் ஐந்தாண்டுகளில் முடியும். அந்த ஆறு அபாச்சிகளுக்கு 2020-இல் கையெழுத்தாகி, முதல் மூன்று 2025 ஜூலையில் வந்தன.

திறன் இருந்தால் மட்டும் போதாது என்பது இந்த மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர், நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். இயந்திரக் கோளாறோ நாசவேலையோ இல்லை என்றது முப்படை விசாரணை. வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தவறி, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் தரையில் மோதியது. காட்டேரிப் பள்ளத்தாக்கிலிருந்து பஞ்சுமூட்டைபோல் ஏறிவரும் அந்த மேகத்தை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ச்சரிவு மறைந்துவிடும். இதற்குப் பெரிய இன்ஜின் பதில் அல்ல. நிலப்பரப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டு முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி, மேகத்துக்குள் போனால் கருவிகளை மட்டும் நம்பி ஏறித் தப்பும் பயிற்சி, அதற்கான சிமுலேட்டர் மணிநேரம், வழியில் ஒரு தானியங்கி வானிலை நிலையம் இவைதான் பதில். ஒப்பந்தப் பட்டியலில் இவை சின்ன வரிகள். விலைப் பேரத்தில் முதலில் வெட்டுப்படக்கூடியவையும் இவைதான்.

டாங்கிக்கு வருவோம். டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பாருங்கள். டி-72 சுமார் 41 டன், 780 குதிரைத்திறன்: 19. டி-90 சுமார் 46 டன், 1,000: 21 முதல் 22. அர்ஜுன் மார்க்-1ஏ 68 டன், 1,400: 20 முதல் 21. டிஆர்டிஓவின் ஆவடி ஆய்வகமும் எல்&டியும் சேர்ந்து செய்யும் இலகு டாங்கி ஜொராவர் 25 டன், சுமார் 750: 30. நாலாயிரம் மீட்டருக்கு மேலே கால் பங்கு திறன் போனது என்று வைத்துக்கொண்டாலும் ஜொராவருக்கு 22 மிஞ்சும். அதாவது சமவெளியில் ஓடும் டி-90க்குச் சமம். டி-90யும் டி-72உம் லடாக்கில் நிற்கின்றன, ஓடுகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் டர்போ தன் வரம்பில் சுழன்று, புகைப்போக்கி வெப்பம் ஏறி, இளைத்த காற்று ரேடியேட்டரின் சூட்டை எடுத்துப்போகாமல், இன்ஜினின் ஆயுளைத் தின்றுகொண்டுதான் ஓடுகின்றன.

குளிரில் கிளப்புவது தனி வேலை. மைனஸ் 20-இல் பேட்டரி ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். எண்ணெய் தேன்போல் கெட்டியாகி ஸ்டார்ட்டருக்கு இருமடங்கு வேலை வைக்கும். சாதாரண டீசலில் மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைக்கும். அதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கு மைனஸ் 33 வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது. டி-72 வகையில் மின்சார ஸ்டார்ட்டரோடு அழுத்தக் காற்று பாட்டிலும் உண்டு. பாட்டிலை நிரப்பி வைக்காமல் விட்டால் காலையில் பக்கத்து வண்டியைக் கெஞ்ச வேண்டியதுதான்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று குழலின் ஏற்றக் கோணம். ஒரு கிலோமீட்டர் தள்ளி, 500 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைத் திண்டு, அங்கே எதிரி. 27 டிகிரி குழலைத் தூக்க வேண்டும். டி-72 வகைக்கு 14 டிகிரிக்கு மேல் ஏறாது. பின்னால் போய்ச் சுடலாமே என்றால், பள்ளத்தாக்கில் பின்னால் போக இடம் ஏது? ஜொராவரில் பொருத்திய காக்கரில் 105 மி.மீ. கோபுரத்தில் 42 டிகிரி வரை தூக்கலாம். கவசம் மெல்லியது, 125 மி.மீ. குண்டு வாங்கினால் தாங்காது என்ற விமர்சனம் சரி. மலையில் முதலில் போய்ச் சேர்வதும் முதலில் குறிவைப்பதும் அதைவிடப் பெரிது என்பது என் தரப்பு. காஷ்மீர்ப் போரில் 1948 நவம்பர் 1 அன்று 3,500 மீட்டர் உயர சோஜிலா கணவாயில் மேஜர் ஜெனரல் திம்மய்யா ஏற்றிய ஸ்டூவர்ட் டாங்கிகள் வெறும் 15 டன்தான். கோபுரத்தைக் கழற்றி, மூடிக் கொண்டுவந்து, ராணுவப் பொறியாளர்களான மெட்ராஸ் சாப்பர்ஸ் அகலப்படுத்திய கோவேறுகழுதைப் பாதையில் ஏற்றினார்கள். அந்த உயரத்தில் டாங்கியை எதிரி எதிர்பார்க்கவே இல்லை.

அர்ஜுனைத் திட்டுபவர்கள் எடையைச் சொல்லித் திட்டுவதில் நியாயம் உண்டு. நம் சாலைப் பாலங்களுக்கான 70ஆர் கணக்கு 70 டன் சங்கிலிப்பட்டை வண்டியை வைத்துப் போட்டது. 68 டன் அதற்குள் அடங்கும். அதை டிரெய்லரில் ஏற்றினால் டிரெய்லர் எடையும் இழுவை வண்டி எடையும் சேரும். பாலைவனத்துக்கு அருமையான வண்டி. மலைக்குப் பேசவே வேண்டாம்.

அருவங்காட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1903-இல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரி, 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ். குண்டை உந்தும் வெடிமருந்தான பழைய கார்டைட் எம்.டி என்பது 65 பங்கு வெடிபஞ்சு, 30 பங்கு நைட்ரோகிளிசரின், 5 பங்கு பெட்ரோலியம் ஜெல்லி. அசிட்டோனில் பிசைந்து இடியாப்பம்போல் அச்சில் பிழிவார்கள். இந்த வகை வெடிமருந்துகளுக்கு முதல் எதிரி வெப்பம். உள்ளே சேர்த்திருக்கும் நிலைப்படுத்தி மெல்ல மெல்லச் செலவாகும்; தீர்ந்தபின் சிதைவில் வரும் நைட்ரஜன் ஆக்சைடே மேலும் சிதைவைத் தூண்டி, கடைசியில் கிடங்கு தானாகவே பற்றும். அதனால் கால இடைவெளியில் மாதிரி எடுத்து நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதைத் தள்ளிப்போடக்கூடாது.

சுடும்போதும் வெப்பநிலை விளையாடும். மேற்கத்திய பீரங்கிகளின் அட்டவணைகள் மருந்து 21 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துப் போட்டவை. குளிர்ந்த மருந்து மெதுவாக எரியும், குண்டு குறைந்த வேகத்தில் வெளியேறும், கிட்டேயே விழும். மறுபக்கம், இளைத்த காற்றில் உராய்வு குறைந்து குண்டு தூரம் போகும். கார்கிலில் போஃபர்ஸ் வழக்கமான எல்லையைத் தாண்டிச் சுட்டது இதனால்தான். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால், மருந்துப் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்து அளக்காமல் முதல் குண்டு எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

கொள்முதல் தாமதத்துக்கு அதிகாரிகளின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது எளிது. நாட்காட்டியையும் பாருங்கள். ராணுவக் கொள்முதல் விதிகளான டிஏபி 2020 முறையில் தேவை ஒப்புதல், விலைப்புள்ளி அழைப்பு, தொழில்நுட்ப ஆய்வு, களச் சோதனை, பேரம், அமைச்சரவைக் குழு என்று படிகள். களச் சோதனையில் கோடைப் பாலைவனமும் வேண்டும், குளிர்கால உயரமும் வேண்டும். கியர்பாக்ஸ் இரண்டு மாதம் தாமதித்து ஜனவரியைத் தவறவிட்டால் அடுத்த ஜனவரி. அந்தச் செலவும் விற்பவர் தலையில். எல்லாத் தேவைகளையும் எட்டியவர்களில் விலை குறைந்தவருக்கே ஒப்பந்தம். தேவைத்தாளில் 4,500 மீட்டர் என்று எழுதியிருந்தால், 5,000 மீட்டரில் ஓடும் வண்டிக்குப் பெரிய சலுகை கிடையாது; கூடுதல் திறனுக்கான மதிப்பு எல்லாம் சேர்த்தே 10 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆகவே சண்டை போட வேண்டிய இடம் ஏலம் அல்ல, அந்த முதல் தாள்.

அதில் இன்ஜின் வரியை முதலில் படியுங்கள். ஜொராவருக்கு ஜெர்மன் இன்ஜினுக்கான அனுமதி இழுத்தடித்ததால் கம்மின்ஸுக்கு மாற வேண்டியிருந்தது. மாறியதால்தான் 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் சுட்டுக்காட்ட முடிந்தது. சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள் நிற்கின்றன. அவற்றின் அடுத்த தலைமுறையான மார்க்-1ஏவுக்கு 2021-இல் 99 இன்ஜின் கேட்டோம். முதலாவது வந்தது 2025 மார்ச்சில். பெரிய டாங்கிகளுக்காக உள்நாட்டிலேயே செய்யும் 1,500 குதிரைத்திறன் இன்ஜின் 2024 மார்ச் 20 அன்று மைசூரு பெமல் ஆலையில் முதன்முதலாக ஓடியது. சோதனை மேடையில் ஓடுவதற்கும் பனியில் காலை ஆறு மணிக்குக் கிளம்புவதற்கும் இடையே குறைந்தது இரண்டு குளிர்காலம் இருக்கிறது.