முதலில் பாசிக்குடா, பிறகு அறுகம்பே, கடைசியில் எல்ல

முதுகுப்பையோடு இலங்கையின் கிழக்குக்கு வருகிற பலர் அறுகம்பேயில் விடிய விடிய ஆடிவிட்டு, பாசிக்குடாவில் டைவ் அடித்துவிட்டு, அன்று பின்னேரமே மலைநாட்டு எல்லவுக்கு வண்டி பிடிக்கப் பார்க்கிறார்கள். வரிசை பிழை. முதலில் கடல், பிறகு கொண்டாட்டம், கடைசியில் மலை என்று போனால் பாதித் தொல்லை தன்னால் தீரும்.

டைவ் பருவம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி மட்டும். வாடை என்ற வடகிழக்குக் காற்று தொடங்கினால் கடல் கலங்கிவிடும். மட்டக்களப்பில் தண்ணீருக்கடியில் பார்க்க வேண்டியது என் கணக்கில் பவளத்தைவிடக் கப்பல்கள்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தவை அவை. பேர்போனது விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ். ஆனால் அது கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. தொடக்கப் பயிற்சியான ஓப்பின் வோட்டர் அட்டைக்கு 18 மீற்றர், அடுத்த படியான அட்வான்ஸ்டுக்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையே 40. ஹேர்மிஸுக்கு ஹீலியம் கலந்த வாயுவும், ஏறும்போது கட்டாயத் தரிப்புகளும், அதற்கென்று எடுத்த பயிற்சியும் வேண்டும். சாதாரணக் காற்றோடு கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு பிரிட்டிஷ் சார்ஜன்ட் இருக்கிறது. அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல், பாசிக்குடாவில் இருந்து படகில் போகலாம், ஆழம் சுமார் 24 மீற்றர். அங்கே அழுத்தம் 3.4 பார், அதாவது மேலே உள்ளதைப் போல 3.4 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் கீழே 68 லீற்றர் இழுப்பார். வழக்கமான 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் இருந்தால் மொத்தம் 2200 லீற்றர். அதில் 50 பார் தொடக்கூடாத இருப்பு. நிமிடத்துக்கு 9 மீற்றர் வீதம் ஏறி, 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்க இன்னொரு 20 பார். மிச்சம் 130 பாருக்குக் கிடைப்பது 21 நிமிடம், அதுவும் இறங்கும் நேரத்தோடு சேர்த்து. டைவ் பயிற்சி நிறுவனமான பாடியின் (PADI) அட்டவணை 25 மீற்றருக்கு 29 நிமிடம் தருகிறது என்று ஆறுதல்பட வேண்டாம், காற்று அதற்கு முன்னரே தீரும். 70 பாரில் கப்பலை விட்டு எழும்பிவிட வேண்டும்.

இப்படிப்பட்ட கப்பல்களில் தங்கூசி வலை, அதாவது நைலோன் மீன்வலை, சிக்கிக் கிடக்கும். தெளிந்த தண்ணீரில் அது கண்ணுக்கே படாது. முதுகுப்பக்கம் வால்வில் மாட்டினால் திரும்பிப் பார்க்கச் சுழலாதீர்கள், சுழலச் சுழல வலை சுற்றும். அசையாமல் நின்று கூட வந்தவரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லுங்கள். சின்னக் கத்தியொன்று கைக்கெட்டும் இடத்தில், மார்புப் பக்கம் இருக்கட்டும். காலில் கட்டினால் அதுவே வலையில் கொழுவும்.

கச்சான் காற்றை லேசாக எடுக்கக்கூடாது. தரையில் இருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும், கடல் நல்லது போலிருக்கும். ஆனால் மேலே வந்த சுழியோடியை அது வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். அதனால் விடியப் போகும் படகையே பிடியுங்கள். ஊதி நிமிர்த்தும் அடையாள மிதவையும் விசிலும் இல்லாமல் இறங்க வேண்டாம். படகில் ஒட்சிசன் இருக்கிறதா என்று ஏறுமுன்னே கேளுங்கள், கேட்பதில் வெட்கம் என்ன?

இரவுக்கு வருவோம். பாசிக்குடா ஹோட்டல்களோடு அடங்கிவிடும். மட்டக்களப்பு நகரம் நேரத்தோடு கதவைச் சாத்தும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் படகில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் நுனியில் காதை வைத்து, வாவிக்கடியில் எழும் பாடும்மீன் ஒலியைக் கேட்பதுதான் இங்குள்ள கொண்டாட்டம். போயா என்ற பௌத்தப் பூரணை விடுமுறை என்பதால் அன்று எங்கும் மதுபானம் விற்கமாட்டார்கள். மறுநாள் டைவ் இருப்பவருக்கு இதைவிட நல்ல இரவு கிடையாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. 625 மில்லிலீற்றர் லாகர் போத்தலில், 4.8 வீதம் என்றால், ஏறத்தாழ 24 கிராம் மதுசாரம். ஈரல் மணிக்கு 7, 8 கிராம்தான் எரிக்கும், ஒரு போத்தலுக்கே 3 மணித்தியாலம். மூன்று போத்தலை நள்ளிரவில் முடித்தால் காலை 9 மணிக்கும் உடம்பில் மிச்சம் இருக்கக்கூடும், படகோ 7 மணிக்கே போய்விடும். தண்ணீர் வற்றிய உடம்பில் நைட்ரஜன் வெளியேறுவதும் மந்தமாகும். அதைவிட மோசம், தலையிடி, அசதி, குமட்டல் மூன்றும் வெறி முறிந்த காலைக்கும், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாவதால் வரும் அழுத்தநோய்க்கும் பொது. எது எதென்று யாரும் பிரித்தறிய முடியாமல் ஒட்சிசன் கொடுக்கப் பிந்தும்.

டைவ் எல்லாம் முடிந்ததும் கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவிலுக்கு பஸ். அங்கிருந்து அறுகம்பே 3 கிலோமீற்றர், ஓட்டோ போதும். அன்று மாலையே போத்தலைத் திறக்க வேண்டாம், முதலில் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். சுற்றிலும் முஸ்லிம் ஊர்கள், கடற்கரை உடுப்போடு கடைத்தெருவுக்குப் போகாதீர்கள். இரவில் மோட்டார்சைக்கிள் எடுத்துக்கொண்டு பாணமைப் பக்கமோ லகுகலப் பக்கமோ கிளம்பவே வேண்டாம். யானை நடுவீதியில் நிற்கும், வெளிச்சத்துக்கு விலகாது.

எல்ல சுமார் 1000 மீற்றர் உயரம், அழுத்தக் கணக்கில் விமானம் ஏறுவது மாதிரித்தான். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணித்தியாலம், பல டைவ் என்றால் குறைந்தது 18 கழியவேண்டும். கடைசியாகத் தண்ணீரை விட்டு ஏறிய நேரத்தை போனில் குறித்துவைத்து, மொனராகலை பஸ்ஸை அதைப் பார்த்துப் பிடியுங்கள்.