மூன்று நாள் மருந்து ஏற்காட்டில் எடுபடாது

சேலத்தில் வாங்கிய பிளாக் மோலி மீன்களை ஏற்காட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த சில நாளிலேயே உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல் புள்ளிகள். கல்லில் போய்ப் போய் உரசிக்கொண்டன. வெள்ளைப் புள்ளி நோய்தான், சந்தேகமே இல்லை. அலைச்சல் அதற்குப் பிறகுதான்.

மீன் வாங்கிய கடைக்காரர் ஒரு மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்து, "மூணு நாள் ஊத்துங்க சார், சரியாயிடும்" என்றார். புள்ளிகள் உதிர்ந்தன. அப்புறம் முன்பைவிட அதிகமாக வந்தன, சில மீன்கள் செத்தும் போயின. மறுபடி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய்க் கேட்டால், "எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால்நடை மருத்துவரிடம் போனேன். மீனெல்லாம் பார்ப்பதில்லை என்று சீட்டு போடும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் வழி சொன்னவர் சென்னை கொளத்தூரில் மீன் வளர்க்கும் உறவுக்கார அண்ணன். போனில் அவர் முதலில் கேட்டது, "தண்ணி எத்தனை டிகிரி தம்பி?" அதுவரை யாருமே இதைக் கேட்கவில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 18.

இந்த நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முதிர்ந்து உதிர்ந்து, தரையில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி நீந்தி வரும்போதுதான் சாகும். 27, 28 டிகிரியில் இந்தச் சுற்று சில நாளில் முடிந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். மூன்று நாள் கணக்கு சேலத்து வெயிலுக்கே கொஞ்சம் குறைச்சல், மலைக்கு எப்படிப் போதும்? ஏற்காடு என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றாரே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தண்ணீரைச் சூடாக்கக் கடைகளில் ஹீட்டர் கேட்டால், "இந்த ஊர்ல அதை யாரு சார் வாங்குறா?" என்றார்கள். ஆன்லைனில்தான் கிடைத்தது. என் 60 லிட்டர் தொட்டிக்கு 100 வாட். ஒரேயடியாக ஏற்றாமல் நாளுக்கு இரண்டு டிகிரி வீதம் 29 வரை கொண்டுபோனேன். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், அதனால் ஏர் பம்ப் ராப்பகலாக ஓட வேண்டும். கரண்ட் போகும் இரவுகளுக்குத் தொட்டியைச் சுற்றி தெர்மாகோல். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு போட்டேன். மோலிக்கு உப்பு ஒத்துக்கொள்ளும், தொட்டியில் கோரிடோராஸ் மீன்களோ செடிகளோ இருந்தால் வேண்டாம். மருந்து ஊற்றும் முன் ஃபில்டரில் இருக்கும் கார்பனை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். தரைக் கசடை தினமும் குழாய் வைத்து இழுத்ததில் பாதிக் கூடுகள் அதோடு போயிருக்கும் என்று நம்புகிறேன்.

ஒன்று கவனம். புள்ளியாக இல்லாமல் வாயோரம் பஞ்சு படர்ந்தாற்போல் தெரிந்தால் சூட்டை ஏற்றவே ஏற்றாதீர்கள். அது காலம்னாரிஸ் பாக்டீரியாவாக இருக்கலாம், சூட்டில் இன்னும் வேகமாகக் கொல்லும்.

புள்ளிகள் மறைந்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் மருந்தை நிறுத்தவில்லை. மிச்சமிருந்த மோலிகள் அத்தனையும் பிழைத்துவிட்டன! இனி கீழிருந்து வரும் எந்த மீனும் ஹீட்டர் போட்ட தனித்தொட்டியில் மூன்று வாரம் இருந்த பிறகுதான் பெரிய தொட்டிக்குள் போகும்.